நாக்கு சொல்லும்வரை

“அண்ணி, சாவியக் குடுங்க. நாலு நாளாச்சு. ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது!”

“சிரிக்கட்டும். ரேடியோல முதல்ல சொல்லட்டும், அப்புறம் தர்றேன்,” என்றாள் அலாசி. கொட்டகைச் சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

தாமுசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பத்தோரு வயதில் அவன் அடித்த முதல் வால்ரஸ். இரண்டு முழத் தந்தம் கொண்ட கடல் மிருகம். பனிக்கடலிலிருந்து கரை சேர்ப்பதற்குள் முதுகு ஒடிந்துவிட்டது. வீட்டுக்கு வீடு பங்கு கொடுத்தால்தான் வேட்டைக்காரன் என்று பெயர். இறைச்சியோ அண்ணி வீட்டுக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. படகில்கூட ஒரு துண்டு வாயில் வைக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கித்தான் அவனை அனுப்பியிருந்தாள். கரைக்கு வந்ததும் துண்டு போட்டு, பைகளில் தைத்து, பூட்டியதும் அவள்தான்.

நாக்கு மட்டும் விமானம் ஏறிப் போயிருந்தது, புழு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்க. முடிவை ஊர் ரேடியோவில் சொல்வார்கள். மூடுபனியில் அந்த விமானமும் இரண்டு நாள் தாமதம்.

“எங்க தாத்தா எந்த நாக்க எங்க அனுப்பினாரு? எண்பது வயசு வரைக்கும் பச்சையாத்தான் தின்னாரு.”

“உங்க சித்தப்பா?”

சித்தப்பாவுக்கு வால்ரஸ் தின்ற மறுவாரமே கண் இரண்டும் வீங்கியது, உடம்பெல்லாம் வலி. தெற்கே ஆஸ்பத்திரிக்குப் போனவர் சவப்பெட்டியில்தான் திரும்பினார்.

“சரி, வேக வச்சுத் தின்னா போச்சு.”

“நீ வேக வைப்ப. மத்தவங்க? பையக் கையில குடுத்தா, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதியப் பச்சையா முழுங்கிடுவாங்க. நம்ம வாயப் பத்தி எனக்குத் தெரியாதா?”

கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு யூபி எட்டிப் பார்த்தான். கையில் காலிப் பாத்திரம். “என்ன தாமுசி, என் பல்லு கொட்டுறதுக்குள்ள உன் வால்ரஸு கண்ணுல படுமா?”

“பல்லு கொட்டினா நானே மென்னு தர்றேன். இப்பக் கெளம்பு,” என்றாள் அலாசி.

யூபி சிரித்துக்கொண்டே போய்விட்டான். தாமுசிக்கு மானம் போயிற்று.

“அண்ணன் உயிரோட இருந்து, அவர் அடிச்சதா இருந்தா இப்படிப் பூட்டி வைப்பீங்களா? எனக்குப் பேர் வந்துடக்கூடாது. அவ்வளவு பொறாம!”

அலாசியின் முகம் சுருங்கியது. ஆனால் சாவியைப் பிடித்த கை தளரவில்லை.

“என்ன வேணாலும் சொல்லிக்கோ. தர மாட்டேன்.”

ரேடியோவின் சத்தத்தை இன்னும் கூட்டினாள். நாலு நாளாக அதன் பக்கத்திலிருந்து அவள் நகரவே இல்லை.

பாட்டு பாதியில் நின்றது. “ஒரு அவசரச் செய்தி. தாமுசியோட வால்ரஸ்ல புழு இருக்கு. திரும்பச் சொல்றேன், புழு இருக்கு. யாரும் தின்னாதீங்க. ஒரு வாய் தின்னிருந்தாலும் உடனே நர்ஸ்கிட்டப் போங்க, மாத்திரை குடுப்பாங்க.”

தாமுசியின் கண்முன்னே அவன் பிள்ளைகள், யூபி வீட்டுக் கைக்குழந்தை, எல்லோர் முகமும் வந்து போயின.

“அண்ணி, என்னென்னமோ பேசிட்டேன். மன்னிச்சிடுங்க. நல்லவேளை, ஊர்ல ஒருத்தர்கூட வாயில வைக்கல.”

அலாசி சாவியைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். “எல்லாத்தையும் தூக்கிப் போடு. நாய்க்குக்கூட வைக்காத.” பிறகு கோட்டை எடுத்து மாட்டினாள்.

“நீங்க எங்க கெளம்பிட்டீங்க?”

“நர்ஸ்கிட்ட,” என்றாள். “அன்னிக்கு அறுக்கும்போது பழக்க தோஷத்துல ரெண்டு துண்ட வாயில போட்டுட்டேன். அப்பவே நான் போய் நர்ஸ் வாசல்ல நின்னிருந்தா விஷயம் தெரிஞ்சு, ‘அலாசியே தின்னுட்டு நல்லாத்தான இருக்கா’ன்னு மறுநாளே ஊர் மொத்தமும் தின்னிருக்கும்.”