கெடுவைத் தவறவிட்டவன்

“வெளிநாட்டுல ஆறு மாசம் வேலைன்னா, இங்க வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணணும்னு தோணாதா?” வீடியோ காலில் வந்ததும் வராததுமாக ஆடிட்டர் பொரிந்து தள்ளினாள்.

வாடகை அறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் பவ்யமாகத் தலையைச் சொறிந்தான். “வேலை மும்முரத்துல கெடு போயிடுச்சு, மேடம்.”

“மூணு மெயில் போட்டேன். இன்னிக்கும் விட்டா, அபராதம் கட்டினாலும் வாங்க மாட்டாங்க. அங்க வரி பிடிச்ச சான்றிதழ் எங்க?”

“அனுப்பிட்டேன்.”

“சம்பளச் சீட்டு? பேங்க் ஸ்டேட்மென்ட்?”

“அதுவும் வந்திருக்கும், பாருங்க.”

பார்த்தாள். எல்லாம் தேதிவாரியாக, பிசிறில்லாமல் இருந்தன. ஆடிட்டரின் புருவம் ஏறியது. “இவ்வளவையும் தயாரா வெச்சுக்கிட்டு, கெடுவை எதுக்குக் கோட்டை விட்டீங்க?”

“கிளம்பற அன்னிக்குப் போட்ட சண்டையில, இனி பேசவே மாட்டேன்னுட்ட. நான் கூப்பிட்டா போனையும் எடுக்கறதில்ல. யாராவது கெடுவைத் தவறவிட்டா உனக்குத் தூக்கம் வராதுன்னு, கட்டின புருஷனுக்குத் தெரியாதா?”

ஆடிட்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. விசையைத் தட்டினாள். “தாக்கல் ஆயிடுச்சு.”

அவனுக்குக் கட்டில் மேல் ஏறிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. “அப்ப வெச்சிடட்டுமா, மேடம்?”

“வெச்சுத்தான் பாருங்களேன். அடுத்த வருஷக் கணக்குக்கும் சேர்த்து நான் இன்னும் திட்டி முடிக்கல.”