பதினோரு படிவங்கள்

"உங்க வீட்டுக்காரர் வேலையில எப்படிம்மா? கொஞ்சம் ஏனோதானோவா?"

கேட்டுவிட்டு ஆராய்ச்சி மாணவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணவர் போய் ஒரு வருடம்கூட ஆகாதவரிடம் கேட்கிற கேள்வியா இது?

"அவரா? மளிகைச் சீட்டைக்கூட மூணு தரம் சரிபார்ப்பாரு," என்றார் அந்த அம்மாள்.

நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன் அந்த ஊரில் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 'யாரோடு மனம்விட்டுப் பேசுவீர்கள்?' என்பதுதான் முக்கியக் கேள்வி. யாருக்கு யார் நெருக்கம் என்ற அந்தச் சிக்கலைச் சாதாரணக் கணினிகளால் அவிழ்க்க முடியாமல், எண்ணாயிரம் படிவங்களும் கிடங்கில் தூங்கின. இப்போது பல்கலைக்கழகத்துக்குக் குவாண்டம் கணினி வந்திருந்தது. ஊரையே நூல் நூலாகப் பிரித்துக் காட்டிய அது, ஒரே ஒரு வீட்டில் வந்து முரண்டு பிடித்தது.

வீட்டுக்கு ஒரு படிவம் என்பது விதி. பதினேழாம் எண் வீட்டுக்கு மட்டும் பதினொன்று. பதினோரு சனிக்கிழமைகள், எல்லாம் அன்று கணக்கெடுக்கப் போன இந்த அம்மாளின் கணவர் கையெழுத்து. படிவத்தில் பெயர் எழுதும் வழக்கமில்லை. பெண், வயது இருபத்தொன்று, தையல் வேலை, அவ்வளவுதான். சரியான காரணம் கிடைக்காவிட்டால் அவர் எழுதிய முந்நூறு படிவங்களையும் ஆய்விலிருந்து நீக்கிவிடப் போகிறார்கள்.

காரணத்தை மாணவி ஊகித்துத்தான் இருந்தாள். பத்துப் படிவங்களில் அந்தப் பெண்ணின் பதில், 'யாருமில்லை'. பதினோராவதில், 'படிவம் எழுத வருகிறவரோடு'. இதை எந்த வாயால் இந்த அம்மாளிடம் சொல்வது?

"ஏதோ கைத்தவறும்மா. விட்டுடலாம்," என்று படிவங்களை எடுத்து வைக்கப் போனாள்.

"மழையில நனைஞ்சு நடந்து எழுதினது. தூக்கிப் போடறதுக்கா என்னை வரச்சொன்னே? கொடு இப்படி."

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊதா மையைத் தடவிப் பார்த்தார். இந்த மைதான் அவர் சட்டைப் பையெல்லாம் ஒழுகும் என்று சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிப் படிவத்தில் விரல் நின்றது. கண் கலங்கியது. மாணவி படிவத்தை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

"பழைய கதைம்மா. மனசுல வெச்சுக்காதீங்க."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எனக்கு இருபத்திநாலு. வெட்கப்பட்டுக்கிட்டு மூணு வயசைக் குறைச்சுச் சொன்னேன். பதினோரு தடவையும் அப்படியே நம்பி எழுதியிருக்காரு, பாவம்."