மோசஸின் பரீட்சை

“ஜூனியை உள்ளே அடைச்சிடு, லொரெட்டா. நாய் மட்டும் புல்தரையில இருக்கட்டும்” என்றார் மிருக வைத்தியர் டாக்டர் வெபர்.

ஜூனியைப் பராமரிக்கும் லொரெட்டா அவசரமாகக் குறுக்கே வந்தாள்.

“அது மட்டும் வேண்டாம், டாக்டர். ஜூனி வேலிக்கு அந்தப் பக்கமா நிக்கட்டுமே. ரெண்டு பேரையும் பிரிச்சா பறவை மாதிரி கீச்சு கீச்சுன்னு கத்தி ஊரைக் கூட்டிடுவா.”

ஜூனி, ஒஹாயோவில் இருந்த அந்த மிருகக்காட்சிசாலையின் செல்லச் சிவிங்கிப்புலி. ஓட்டத்தில் அதை மிஞ்ச ஆளில்லை, பயத்திலும்தான். யாராவது பலமாகத் தும்மினால் போதும், ஓட இடம் தேடும். அதனால்தான் குட்டியாக இருந்தபோதே மோசஸ் என்ற லாப்ரடார் நாய்க்குட்டியைச் சேர்த்து வளர்த்தார்கள். நாய் அலட்டிக்கொள்ளாமல் படுத்திருந்தால், ஆபத்து ஒன்றுமில்லை என்று சிவிங்கியும் படுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே மெத்தையில் உருண்டு, ஒரே பந்துக்குச் சண்டை போட்டு வளர்ந்தவை. இப்போது மோசஸின் முகவாயெல்லாம் நரைத்துவிட்டது.

துணை நாய்களுக்கு வருஷா வருஷம் ஒரு சோதனை உண்டு. கூப்பிட்டால் வர வேண்டும். சத்தத்துக்கு மிரளக் கூடாது. தேறாத நாயை வெளியே ஏதாவது ஒரு குடும்பத்துக்கு வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள்.

“கொடுத்தாத்தான் என்ன? வயசான காலத்துல சோபாவுல படுத்துக்கிட்டு டிவி பார்ப்பான். நானே அதுக்குத்தான் ஏங்கறேன்” என்றார் டாக்டர்.

“அப்போ ஜூனி? போன குளிர்காலத்துல பல் வைத்தியத்துக்கு அவனை ரெண்டு நாள் கூட்டிட்டுப் போனோம். இவ ஒரு துண்டு இறைச்சி தொடலை. கதவையே பார்த்துக்கிட்டுக் கிடந்தா. என்னால அதை இன்னொரு தடவை பார்க்க முடியாது, டாக்டர்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“உன் தொல்லை பெரும் தொல்லை. சரி, வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கட்டும்.”

லொரெட்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பீச் பழம் வச்ச இனிப்பு பை சுட்டுக் கொண்டு வந்திருக்கேன், டாக்டர்.”

“லஞ்சமா?”

“போன வருஷமும் கொண்டு வந்தேனே!”

“போன வருஷமும் லஞ்சம்தான். காலையில இவன் உடம்பைப் பார்த்தேன். இடுப்பு கொஞ்சம் பிடிச்சிருக்கு.”

“வேற ஒண்ணும் இல்லையே?” என்று அவசரமாகக் கேட்டாள்.

“வேற என்ன இருக்கணும்?”

“ஒண்ணுமில்ல... சும்மாதான் கேட்டேன்.”

மோசஸ் புல்லில் படுத்து, வேலிக்கு அப்பால் இருந்த ஜூனியையே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் அதன் முதுகுப் பக்கமாகத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

“அங்கே ஏன் போறீங்க? முன்னாடி நின்னு கூப்பிடலாமே” என்றாள் லொரெட்டா.

“முன்னாடி நின்னா நீ கையைக் காலை ஆட்டி அவனுக்குக் காப்பியடிக்கச் சொல்லிக் கொடுப்பே. பேசாம நில்லு.”

விசிலை எடுத்து ஊதினார். மோசஸ் அசையவில்லை. லொரெட்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

விசில் சத்தத்துக்கு ஜூனி தலையைத் தூக்கியது. பிறகு எழுந்து, வேலியோரமாகவே டாக்டர் இருந்த பக்கம் நடந்தது. சட்டென்று மோசஸும் எழுந்தது. திரும்பிப் பார்த்து, வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து டாக்டரின் முழங்காலில் மோதி நின்றது.

“கொஞ்சம் சோம்பேறி. ஆனா வந்துட்டான்” என்று அதன் கழுத்தைச் சொறிந்தார் டாக்டர்.

அடுத்தது சத்தச் சோதனை. மோசஸ் மறுபடி படுத்ததும், இறைச்சி வைக்கும் எஃகுத் தட்டை எடுத்துப் பின்னால் நின்று தடியால் ஓங்கித் தட்டினார். மரத்திலிருந்த காகங்கள் எல்லாம் பறந்தன. ஜூனி துள்ளி எழுந்து, ஓடத் தயாராக முதுகை வளைத்துக்கொண்டு மோசஸைப் பார்த்தது.

மோசஸ் நிதானமாக ஒரு கொட்டாவி விட்டது.

அவ்வளவுதான். ஜூனி உடம்பைத் தளர்த்திக்கொண்டு வேலியோடு ஒட்டிப் படுத்து, பூனை மாதிரி சுகமாகக் குர்ர் குர்ரென்று முனகத் தொடங்கியது. மோசஸ் போய்க் கம்பி இடுக்கில் மூக்கை நுழைக்க, ஜூனி அதை நக்கிக் கொடுத்தது.

“அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! பீரங்கி வெடிச்சாலும் அசைய மாட்டான் போலிருக்கே” என்றார் டாக்டர். “பாஸ். இன்னும் ஒரு வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்தே இருக்கட்டும்.”

லொரெட்டா புல்லிலேயே உட்கார்ந்து மோசஸைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது ஒன்றும் புரியாமல் அவள் கன்னத்தை நக்கியது.

“ரொம்ப நன்றி, டாக்டர். நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா?”

“தெரியாம என்ன? அந்த பீச் பை எங்கே?”

ஒரு பெரிய துண்டை நின்றபடியே தின்று தீர்த்தார். இன்னொரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பியவர், வாசல் கதவருகே நின்று திரும்பினார்.

“அடுத்த வருஷம் வேற டாக்டர் வந்தாலும், ஜூனியை இதே மாதிரி அவன் கண்ணெதிர்ல நிறுத்தி வை, லொரெட்டா. காது கேக்காத பையன், அவ எந்திரிச்சு நடந்ததைப் பார்த்துத்தானே விசிலுக்கு ஓடி வந்தான்!”