கொக்குக் கணக்கு

இருபத்து மூன்றாவது புளியங்கொட்டையைச் சட்டைப் பையில் போட்டேன்.

நூறு பறவைக்கு ஒரு கொட்டை. ஆக, இரண்டாயிரத்து முந்நூறு. நாமக்கோழி, சிறகி, நாரை எல்லாம் சேர்த்துத்தான். தனித்தனியாகப் பிரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

இரும்பு வார்க்கும் பவுண்டரியில் ராத்திரி மூன்றாம் ஷிப்ட் முடிந்து, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நேராக ஏரிக்கரைக்குச் சைக்கிள் மிதித்து வந்திருந்தேன். பொங்கல் வாரத்தில் வருடா வருடம் எனக்கு அந்த ஷிப்ட்தான் விழும். கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோல் எரிந்தன. இருந்தும் இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தேன்.

சம்பளம் இல்லாத வேலை இது. மெட்ராஸ் பறவைச் சங்கத்துக்காரர்கள் எண்பத்தெட்டில் ஒரு படிவத்தோடு வந்தார்கள். ஜனவரியில் ஒரே ஒரு நாள் காலையில் எண்ணி அனுப்பினால் போதும் என்றார்கள். இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் என்று ஊரில் என்னைக் கை காட்டிவிட்டார்கள். நானும் பெருமைக்குத் தலையாட்டித் தொலைத்தேன்.

கொக்குக் கணக்குப்பிள்ளை என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். நான்காவது வருடமான இப்போது யாரும் கிண்டல் செய்வதில்லை.

கம்பெனி கட்ட ஏரியில் பாதியை மண் கொட்டி மூடப் போகிறார்கள். அளவுக்கல் நட்டாயிற்று. ஆயிரம் பறவைக்கு மேல் வந்து தங்குகிற ஏரி என்றால் மேலே எழுதிப் பார்க்கிறேன் என்று தாலுகா அதிகாரி சொல்லியிருக்கிறார்.

மதகுக்குக் கீழே தாயாரம்மாளுக்கு இருப்பது ஒரே ஒரு ஏக்கர். பாதி ஏரி போனால் அதற்குத் தண்ணீர் ஏறாது. பத்து நாளாக என் வீட்டு வாசலுக்கு நடையாய் நடக்கிறாள்.

எட்டு மணிக்கு அதிகாரியின் ஜீப் வந்தது. அவளும் வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். நான் படிவத்தை நீட்டினேன்.

அவர் படித்துவிட்டுத் தன் ஃபைலைத் திறந்தார். சங்கத்திலிருந்து வரவழைத்த என் பழைய படிவங்கள் மூன்று இருந்தன. நாற்பது. நாற்பத்திரண்டு. முப்பத்தெட்டு. மூன்றிலும் என் கையெழுத்து.

"மூணு வருஷமா நாப்பது, ஏரி போகப்போகுதுன்னதும் ரெண்டாயிரமா? இதுல ஒழுங்கா எண்ணினது எதுப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தாயாரம்மாள் முந்திக்கொண்டாள்.

"எல்லா வருசமும் ஒயுங்காத்தான் சார் எண்ணிச்சு இந்தப் புள்ள. பறவ மெரண்டு பூடும்னு மூஞ்சில துண்டப் போட்டுகினு, இதே எடத்துல அசையாம படுத்துகினே எண்ணும். வெயில் ஏர்ற வரிக்கும் எய்ந்துக்காது. நான் என் கண்ணால பாத்துகினுதான கீறேன்."

அதிகமாக எழுதினால் சங்கத்துக்காரர்கள் பார்க்க வந்துவிடுவார்கள், நாற்பது என்றால் யாரும் வர மாட்டார்கள். அப்போது எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான்.

மூன்று வருடமும் தூங்கிவிட்டேன் சார் என்று அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

அதிகாரி புதிய படிவத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நன்றாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல் தாயாரம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.