ரெஜினாவின் ஃபைவ் மினிட்ஸ்

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆளில்லாக் கப்பல்களைக் கண்காணிக்கும் ரெஜினா, தினமும் சாயங்காலம் வீட்டுக்கு அழைத்து, "ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ், வந்துடுறேன்" என்பாள். அவள் வந்து உட்காரும்போது கணவன் லூர்துராஜ் சூடான தோசையைத் தட்டில் போடுவான். அதனால், தான் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவதாகவே அவள் நான்கு வருடமாக நம்பியிருந்தாள்.

அன்று கப்பல் எதுவும் வரவில்லை. வழக்கம்போல் அழைத்துச் சொல்லிவிட்டு, நிஜமாகவே ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குள் நுழைந்தாள். லூர்துராஜ் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டிலிருந்த பேசும் கருவி தணிந்த குரலில் அவளிடம் சொன்னது: "அவர் கணக்கில், ரெஜினாவின் ஃபைவ் மினிட்ஸ் என்றால் ஒரு மணி நாற்பது நிமிடம். நேரமானதும் அவரை எழுப்புவேன்."

அவள் அருகில் உட்கார்ந்து அவன் தலையைத் தொட்டாள். அவன் பதறி எழுந்தான். "ஐயோ, மாவ இன்னும் வெளிய எடுக்கலயே."

"இத்தன நாளா ஏங்க எங்கிட்ட சொல்லல? நெசமான நேரத்தயே சொல்லிருப்பேன்ல?"

"அதுக்குத்தான் சொல்லல" என்றான் லூர்துராஜ். "ஒண்ணே முக்கா மணி நேரம் ஆகும்னு நீ சொன்னா, வீடு வெறிச்சுன்னு ஆயிரும். ஃபைவ் மினிட்ஸ்னு சொன்னா, நீ தெரு முனைக்கு வந்துட்ட மாதிரியே இருக்கும்."