மூன்று நாளாக ஆன்லைனில்

"திருடன் இப்பவும் ஆன்லதான் வெச்சிருக்கான் சார்" என்றான் விச்சு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கராடி அலுவலகத்தின் ஐ.டி. பிரிவில் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்ற சாய்கிருஷ்ணாவுக்கு ரத்தம் சூடேறியது. கம்பெனி கொடுத்த லேப்டாப் தொலைந்து மூன்று நாளாகிறது.

"இந்நேரம் சிம்மைக் கழட்டி எறிஞ்சிருப்பான்னு நினைச்சேனே விச்சு."

"உள்ள சிம் இருக்கறது அவனுக்கு எங்க தெரியப் போகுது? டேட்டா கார்டு மாதிரி வெளிய நீட்டிக்கிட்டா இருக்கு, பேட்டரிக்கு அடியில இல்ல ஒளிஞ்சிருக்கு! மெஷின் ஆன்ல இருந்தா போதும், தானா டவரைப் பிடிச்சிடும். செல்போன் கம்பெனியில கேட்டுட்டேன். கட்கி ஏரியா டவர்ல காட்டுது." விச்சு தலையைச் சொறிந்தான். "ஒண்ணுதான் சார் இடிக்குது. மூணு நாளா ஒரு நிமிஷம்கூட அணைக்கல. ஆனா ஒரு சைட்டைக்கூடத் திறக்கல."

"பாஸ்வேர்டை உடைக்க ஆள் பார்த்துக்கிட்டிருப்பான்" என்றான் சாய்கிருஷ்ணா.

அந்த லேப்டாப்பில் ஒரு வங்கிக்கான டெண்டர் முழுதும் இருந்தது. திங்கட்கிழமை உறை பிரிக்கிறார்கள். காலையில் மேனேஜர் ரங்கராஜன் அவனைக் கூப்பிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் கேட்டிருந்தார். "தொலைஞ்சுதா சாய்? இல்ல, யாருக்காவது கொடுத்தியா?"

ஆறு வருஷமாக உழைத்த இடத்தில் இப்படி ஒரு கேள்வி. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே அவனுக்கு மனசு வரவில்லை.

நடந்ததை நூறாவது தடவையாக ஓட்டிப் பார்த்தான். அன்றைக்குக் கொட்டுகிற மழை. நகர் ரோட்டில் கைகாட்டி நிறுத்திய ஆட்டோ. வழியெல்லாம் லேப்டாப்பை மடியில் வைத்து மெயில் அனுப்பிக்கொண்டே போனான். ஸ்டேஷனில் மும்பை ரயிலுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் பையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியவனுக்கு, லோனாவ்லா தாண்டித்தான் லேப்டாப் நினைவு வந்தது.

ஆட்டோக்காரன் தமிழன். கண்ணாடி வழியாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தவன், "ஒயரே இல்லாம நெட்டு வருதா சார்? ரொம்ப வெல இருக்குமே?" என்று வேறு கேட்டான். அப்போது பெருமையாக இருந்த கேள்வி, இப்போது முள்ளாகக் குத்தியது. பொருளைப் பார்த்ததுமே விலை விசாரிக்கிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்?

ஆட்டோவின் பின்புறம் பெரிதாக ஒரு வேல் வரைந்திருந்தது. அந்த அடையாளம் போதும் என்றார், புகாரைக் கேட்டுவிட்டுக் கட்கி போலீஸ் சௌக்கியிலிருந்து கூட வந்த கான்ஸ்டபிள்.

ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டதும் சொல்லிவிட்டார்கள். துரைசாமி, மூன்றாவது சந்து, இன்றைக்கு வண்டி எடுக்கவில்லை.

சந்து முனையில் வேல் படம் போட்ட ஆட்டோ நனைந்துகொண்டு நின்றது. சீட்டைத் தூக்கிப் பார்த்த கான்ஸ்டபிள் உதட்டைப் பிதுக்கினார். உள்ளே பேட்டரி இல்லை.

"வண்டியையே பிரிச்சு விக்கறானா?" சாய்கிருஷ்ணாவின் சந்தேகம் இன்னும் இறுகியது.

காலையிலிருந்தே அந்தப் பக்கம் கரண்ட் இல்லை. வீடுகள் எல்லாம் இருண்டு கிடந்தன. ஒரே ஒரு கதவின் இடுக்கில் மட்டும் நீலமாக வெளிச்சம் கசிந்தது. கான்ஸ்டபிள் கதவைத் தள்ளினார்.

ஸ்டூல்மேல் விரித்த துண்டில் அவனுடைய லேப்டாப் திறந்திருந்தது. பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் திரையில் மின்னியது. கீழே ஆட்டோ பேட்டரி, அதிலிருந்து ஒயர், ஒரு சின்ன இன்வெர்ட்டர். பக்கத்தில் துரைசாமி குந்தியிருந்தான்.

"ஹாச் கா?" இவன்தானா என்று மராத்தியில் கேட்டார் கான்ஸ்டபிள்.

"இவனேதான்!" சாய்கிருஷ்ணா விரலை நீட்டினான்.

அடுத்த நொடி துரைசாமியின் சட்டைக் காலர் கான்ஸ்டபிளின் பிடியில் இருந்தது. உள்ளேயிருந்து அவன் மனைவி பவுன் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயோ, அடிக்காதீங்க சாமி! மூணு நாளா சாப்புட்டும் சாப்புடாமலும் அந்தப் பொட்டிகிட்டயே உக்காந்துனு கீறாரு!"

"உக்காந்து என்ன பண்றான்? பாஸ்வேர்டை உடைக்கிறானா?" சாய்கிருஷ்ணா கத்தினான். "உன்னால என் வேலையே போகப் போகுதுடா! யார்கிட்ட விக்கலாம்னு பார்த்தே? சொல்லு!"

துரைசாமி அவனை உற்றுப் பார்த்தான். காலர் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தும் அவன் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா சார்! டேசன்ல அதே எடத்துல ரெண்டு நாளு அந்த ரயிலு நேரத்துக்குப் போயி காத்துனு நின்னேன், உன்னக் காணல. இதுல பேரும் இல்ல, அட்ரஸும் இல்ல. மொபைல் கடைக்காரர்தான் அன்னிக்கே மாடலைப் பாத்துட்டு, உள்ள சிம்மு கீது, ஆன்ல இருந்தா கம்பெனிக்காரங்க எப்டியும் தேடினு வருவாங்கன்னாரு. சார்ஜரும் அவர்தான் குடுத்தாரு."

சாய்கிருஷ்ணாவின் பார்வை ஒயர் வழியாக இறங்கி ஆட்டோ பேட்டரிக்குப் போனது. கான்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியாது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ... இந்தப் பேட்டரி?" என்றான் சாய்கிருஷ்ணா, அவனுக்கே கேட்காத குரலில்.

"கரண்டு பூட்ச்சே சார். இது அணைஞ்சு பூட்டா, நீ எப்டி வந்து சேருவ?"