கத்தி தேவையில்லை

பெயிண்டரை மேசையில் படுக்கவைக்க இன்று இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஒன்பது மாதத்துக்கு முன் அவரே ஏறிப் படுத்தார். "சுவருக்கு அளவெடுத்திருக்கேன், எனக்கே அளவெடுக்கறது இப்பத்தான்" என்று சிரித்தார்.

கதிர்வீச்சு அறையில் அளவெடுப்பது என் வேலை. சின்னச் சின்ன மணிகள் நிரப்பிய பைமேல் ஆளைப் படுக்கவைத்துக் காற்றை உறிஞ்சினால், பை அவர் உடம்பின் வடிவத்திலேயே இறுகிவிடும். சிகிச்சையின்போது அதில் அசையாமல் படுத்தால் போதும்.

அன்று அவர் நுரையீரலில் இருந்த புற்று பட்டாணி அளவுதான். வேறெங்கும் பரவவில்லை. சிகரெட் தின்று தீர்த்த மூச்சு, மயக்க மருந்தைத் தாங்காது. அதனால் டாக்டர் ஐந்தே நாள் கதிர்வீச்சு எழுதியிருந்தார். கத்தி வைக்காமலே குணமாகக்கூடிய கட்டம்.

"ஏம்மா, எனக்கு வெட்ட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். எனக்கோ பசி. உங்களுக்கு அதெல்லாம் தேவையில்லை ஐயா என்று சொல்லித் தோளில் தட்டிக்கொடுத்தேன். ஏதோ பெரிய ஆறுதல் சொல்லிவிட்டதாக என் நினைப்பு.

அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. போன் செய்தேன். வருவார் என்றார் மனைவி. மறுபடி செய்தபோது யாரும் எடுக்கவில்லை. வாரக் கடைசியில் பைக்குள் காற்றை விட்டுத் தளர்த்தி, வேறொருவருக்குக் கொடுத்தேன்.

இன்று வந்திருப்பது, புற்று பரவிய முதுகெலும்பின் வலிக்கு. வலியைக் குறைக்க மட்டும் என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறது.

மனைவி வெளியே போனதும் அவர் என் கையைப் பிடித்தார்.

"டாக்டரு குணமாயிடும்னு சொன்னாரு. எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொல்வாங்க. இனிமே வெட்டிப் பிரயோஜனமில்லைங்கறத நீ ஒருத்திதாம்மா மறைக்காம சொன்னே. அதான் ஆஸ்பத்திரிக்கு அலையாம இத்தனை மாசம் பேத்தியோட நிம்மதியா இருந்தேன். நீ நல்லா இருக்கணும்."

நான் கையை விடுவிக்கப் பார்த்தேன். இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

உண்மை தொண்டைவரை வந்தது. அதை வைத்துக்கொண்டு இனி இவர் என்ன செய்வார் என்று மென்று விழுங்கினேன். அவருக்காக விழுங்கினேனா, எனக்காகவா, சத்தியமாகத் தெரியவில்லை.

"ஆமாங்கய்யா, அன்னிக்கே கைமீறிப் போயிடுச்சு" என்றேன்.